ரூபிகான்: பெயரும் பொருளும் தமிழும்

இனித் திரும்ப முடியாத முடிவை எடுத்துவிட்டார் என்ற பொருளில் ‘அவர் ரூபிகானைக் கடந்துவிட்டார்’ என்று அரசியல் கட்டுரைகளில் படிக்கும் பலருக்கு, அது இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் ஓர் ஆற்றின் பெயர் என்பது தோன்றுவதில்லை. வட இத்தாலியில், அப்பெனைன் மலைச்சரிவில் தோன்றி, ராவென்னாவுக்கும் ரிமினிக்கும் இடையே ஏட்ரியாட்டிக் கடலில் கலக்கும் சிற்றாறு அது.

இலத்தீனில் இதன் பெயர் ரூபிகோ. சிவப்பைக் குறிக்கும் ‘ரூபெர்’ என்னும் சொல்லோடு இதை இணைத்து, செம்மண் கலந்து நீர் சிவந்ததால் வந்த பெயர் என்பர். ரூபிக் கல், ரூபெல்லா அம்மை ஆகியவற்றின் பெயர்களும் அந்தச் சிவப்பிலிருந்தே வந்தவை. நம் ரூபாய்க்கு இதில் பங்கில்லை. அது வெள்ளியைக் குறிக்கும் வடசொல்லின் வழிவந்தது.

இவ்வளவு சிறிய ஆறு பெயர்பெற்றதற்குக் காரணம், அது ஆல்ப்ஸ் மலைக்கு இப்பாலிருந்த ‘கால்’ (Gaul) என்னும் ரோமானிய மாநிலத்துக்கும் இத்தாலிக்கும் எல்லையாக இருந்ததுதான். மாநில ஆளுநர் எவரும் படையுடன் அந்த எல்லையைத் தாண்டி இத்தாலிக்குள் நுழையக் கூடாது என்பது சட்டம். படையைக் கலைக்குமாறு ரோமின் ஆட்சி மன்றமான செனட் ஆணையிட்டிருந்த நிலையில், கி.மு. 49 சனவரியில் ஜூலியஸ் சீசர் பதின்மூன்றாம் படைப்பிரிவுடன் ஆற்றைக் கடந்தார். உள்நாட்டுப் போர் மூண்டது. வியப்பு என்னவென்றால், அப்போரைப் பற்றித் தாமே எழுதிய நூலில் சீசர் இந்த ஆற்றின் பெயரைக் குறிப்பிடவே இல்லை.

கி.மு. 42இல் அம்மாநிலம் இத்தாலியோடு இணைக்கப்பட்டதும் எல்லை மறைந்தது; பின்னாளில், எந்த ஆறு ரூபிகான் என்பதே சர்ச்சையாயிற்று. 1933இல் முசோலினியின் அரசு, ‘சிற்றாறு’ என்று பொருள்படும் பியூமிச்சீனோவுக்கு ரூபிகோனே என்று பெயர் சூட்டியது.

பெயரின் பொருளை மட்டும் சொல்வதானால் ‘செவ்வாறு’ போதும். மரபுத்தொடருக்கு அது உதவாது. சிலர் ‘லட்சுமண ரேகை’ என்று எழுதுகிறார்கள், அது பொருந்தவில்லை. அந்தக் கோடு உள்ளே இருப்பவரைக் காக்க இன்னொருவர் கிழித்தது. ரூபிகானோ, விளைவு தெரிந்தே ஒருவர் தாண்டும் எல்லை. ‘மீளா எல்லையைக் கடந்துவிட்டார்’ என்பதே என் தேர்வு.

கடக்கும்போது சீசர் சொன்னதாகக் கூறப்படும் பகடைத் தொடரிலும் ஒரு நுட்பம் உண்டு. ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் தரும் இலத்தீன் வடிவம் ‘பகடை வீசப்பட்டுவிட்டது’ என்கிறது. சீசர் அதைக் கிரேக்கத்தில் சொன்னதாகக் கூறும் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்கிடம் அது ஏவல் வடிவில் இருக்கிறது. ‘செல்க’, ‘வாழ்க’ போன்ற வியங்கோள் நம்மிடம் இருப்பதால், அதை ‘உருளுக பகடை’ என்று இரண்டே சொற்களில் தந்துவிடலாம்.