ஷார்ட்ஸ்டாப்பின் நான்கு நொடிகள்

பேஸ்பாலில் பேட்டர் ஓடி வரிசையாக மிதிக்க வேண்டிய இடங்கள் பேஸ்கள். இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் இடையே, பேட்டரிடமிருந்து ஏறக்குறைய 45 மீட்டர் தள்ளி நிற்பவர் ஷார்ட்ஸ்டாப். கிரிக்கெட்டில் பந்தை மறித்தாலே கைதட்டல் விழும். இங்கே அது பாதி வேலைதான். பேட்டர் முதல் பேஸை மிதிப்பதற்குள் பந்து அங்கே போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

பேட்டர் ஓடுவது 27.43 மீட்டர். அமெரிக்க மேஜர் லீக்கில் வலக்கை பேட்டருக்கு இதற்குச் சுமார் 4.3 நொடி ஆகும். நல்ல ஓட்டக்காரர் 4 நொடியில் முடித்துவிடுவார். தரையோடு வரும் பந்து ஷார்ட்ஸ்டாப்பை எட்டவே 2 நொடி வரை போய்விடும். கிளவுஸிலிருந்து எடுத்து எறிய இன்னும் ஒரு நொடி. மூன்றாம் பேஸ் பக்கம் ஓடிப் பிடித்திருந்தால் எறியும் தூரம் 38 மீட்டரைத் தொடும். மணிக்கு 137 கி.மீ. வேகத்தில் எறிந்தாலும் ஒரு நொடிக்குச் சற்றுக் கூடவே ஆகும். கையில் பந்து ஒரு முறை தடுமாறினால் ஆள் தப்பிவிடுவார்.

அதனால்தான் அவருடைய கிளவுஸ் சிறியது: சுமார் 11.5 அங்குலம், குழியும் ஆழமில்லை. கிளவுஸுக்குள் மறு கையை விட்டதும் பந்து விரலில் சிக்க வேண்டும். கண்ணால் பார்க்க நேரமில்லை. எடுக்கும்போதே விரல்கள் பந்தைத் திருப்பித் தையலுக்குக் குறுக்கே பிடித்துக்கொள்ளும். தையலின் போக்கிலேயே பிடித்துவிட்டால் பந்து பக்கவாட்டில் விலகி, முதல் பேஸில் கால் வைத்தபடி அதை வாங்க வேண்டியவரைப் பேஸை விட்டே இழுத்துவிடும். இடக்கைக்காரர் எறிய உடம்பையே திருப்ப வேண்டியிருப்பதால் இந்த இடத்துக்கு அவரை யாரும் எடுப்பதில்லை.

பந்து நழுவினால் கையைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி கால். பந்து தரையைத் தொட்டு எழும் அந்தக் கணத்திலோ, துள்ளலின் உச்சியிலோ எடுப்பது சுலபம். இரண்டுக்கும் நடுவில் மாட்டினால் எந்த உயரத்துக்கு வரும் என்று கணிக்க முடியாது. ஓரடி முன்னே போயிருந்தால் அந்தச் சிக்கலே வந்திருக்காது.

வயது ஏற ஏற முதலில் கைவிடுவதும் காலும் தோளும்தான். மேஜர் லீக் ஷார்ட்ஸ்டாப் ராபின் யவுண்ட் தோள்பட்டைக் காயத்தால் 1985இல் வெளிக்களத்துக்குப் போனார். 1982இல் ஷார்ட்ஸ்டாப்பாக வாங்கிய எம்விபி (மிகச் சிறந்த வீரர்) விருதை 1989இல் அங்கிருந்தும் வாங்கினார். இன்னொரு ஷார்ட்ஸ்டாப்பான கேல் ரிப்கன் ஆறடி நான்கு அங்குல உயரம்; பெரிய ஓட்டக்காரர் அல்ல. என்ன பந்து வீசப்போகிறார்கள், இந்த பேட்டர் அதை எந்தப் பக்கம் தட்டுவார் என்று கணித்து, வீசும் முன்பே ஓரிரு அடி நகர்ந்து நிற்பார். 1990 சீசன் முழுக்க அவர் செய்த பிழைகள் 3. அவரும் 1997இல், 36 வயதில், மூன்றாம் பேஸுக்கு மாறினார். அங்கே பந்து இன்னும் சீக்கிரம் வரும். ஆனால் காக்க வேண்டிய பரப்பு குறைவு.

2023 முதல் மேஜர் லீக்கில் உள்களத்து வீரர்கள் நால்வரும் இரண்டாம் பேஸின் இரு பக்கமும் இருவர் இருவராகத்தான் நிற்க வேண்டும் என்பது விதி. மூன்று பேரை ஒரே பக்கம் குவித்து மந்தமான காலை மறைக்கும் வழி அதோடு அடைபட்டது.