‘ஒன்னும் ஆகாது’ என்று எத்தனை முறை சொல்வீர்கள்?

“என் வீட்டுக்குள்ள முன்வாசல் வழியா நான் போய் மூணு வருஷம் ஆகுது டாக்டர்” என்றார் அவர்.

வேலை முடிந்து வந்தால் கொல்லைப்பக்கம் சுற்றிப் போக வேண்டும். செருப்பை அங்கேயே விட வேண்டும். பாக்கெட்டில் இருக்கும் ரூபாய் நோட்டுகளுக்குத் தனி டப்பா. சட்டை, பேன்ட்டை வாளியில் ஊறப்போட்டு, தலைக்குக் குளித்த பிறகுதான் பிள்ளைகளைத் தூக்கலாம். அப்புறமும் மனைவி கேட்பார்: “காதுக்குப் பின்னாடி சோப்பு போட்டீங்களா?” போட்டேன் என்பார் இவர். “நிஜமாவா?” நிஜமாகத்தான். ஐந்து நிமிடம் கழித்து அதே கேள்வி மறுபடி வரும். சில இரவுகளில் முப்பது தடவைக்கு மேல் பதில் சொல்லியிருக்கிறார். மனைவியின் விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசிவதைப் பார்க்க முடியாமல்தான் இதற்கெல்லாம் உடன்பட்டார். (நான் சொல்வது ஒருவருடைய கதை அல்ல. பலரிடம் பார்த்ததைச் சேர்த்து, அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன்.)

ஓசிடி என்று நாம் சொல்லும் எண்ணச் சுழற்சி நோய்க்கு இரண்டு பாதிகள் உண்டு. வேண்டாம் என்றாலும் திரும்பத் திரும்ப வந்து பதறவைக்கும் எண்ணம் ஒரு பாதி. அந்தப் பதற்றத்தைத் தணிக்கச் செய்யும் செயல் மறு பாதி. கை கழுவுவது, பூட்டை இழுத்துப் பார்ப்பது, எண்ணுவது, மனதுக்குள்ளேயே மந்திரம்போல எதையோ சொல்லிக்கொள்வது என்று அது ஆளுக்கு ஆள் மாறும். கழுவியதும் கொஞ்சம் நிம்மதி வருகிறது. சிக்கலே அந்த நிம்மதியில்தான் இருக்கிறது. ‘கழுவியதால்தான் தப்பித்தோம்’ என்று மூளை பாடம் படித்துக்கொள்கிறது. அடுத்த முறை பதற்றம் இன்னும் சீக்கிரம் வரும், கழுவும் நேரமும் நீளும்.

இதில் குடும்பத்தினர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. அந்தக் கணவர் சொன்ன “போட்டேன்” என்ற பதிலும் ஒரு சோப்புதான். கை கழுவினால் கிடைக்கும் அதே தற்காலிக நிம்மதியை அந்தப் பதிலும் கொடுக்கிறது, அதே வேகத்தில் கரைந்தும் போகிறது. “ஒன்னும் ஆகாதும்மா”, “நான்தான் பூட்டினேன், பார்த்தேன்” என்று அன்பால் சொல்லும் ஒவ்வொரு ஆறுதலும் இந்த நோய்க்குத் தீனி. யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. என்னிடம் வரும் குடும்பங்களில் பெரும்பாலானவை இதைத்தான் செய்கின்றன. தவிக்கிற பிள்ளைக்குப் பதில் சொல்லாமல் எந்தத் தாயால் இருக்க முடியும்?

நம் ஊரில் இந்த நோய் தாமதமாகத் தெரியவருவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. “அவ பயங்கர சுத்தக்காரி” என்பது நம் வீடுகளில் பாராட்டு. மடி, ஆசாரம், தீட்டு என்று பழகிய வீட்டில் எது பழக்கம், எது நோய் என்று பிரித்துப் பார்ப்பது கடினம். நான் ஒன்றைத்தான் கேட்பேன்: முடித்த பிறகு ‘போதும்’ என்ற உணர்வு வருகிறதா? சுத்தமாக இருக்க விரும்புகிறவர் வீட்டைக் கழுவிவிட்டுத் திருப்தியாக உட்கார்ந்து காபி குடிப்பார். நோயுள்ளவருக்கு மேல்தொட்டித் தண்ணீர் காலியானாலும் அந்தப் ‘போதும்’ வராது. எண்ணமும் செயலுமாக ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது, அல்லது வேலையும் உறவும் கெடுகின்றன என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய கட்டம் வந்துவிட்டது.

கை கழுவுவதாவது நாலு பேர் கண்ணில் படும். வெளியே தெரியாத வகை ஒன்று இருக்கிறது. என்னை அதிகம் கலங்கவைப்பது அதுதான்.

குழந்தை பெற்று இரண்டு மாதமான ஒரு பெண், அம்மாவை வெளியே அனுப்பிவிட்டுத்தான் பேசத் தொடங்கினார். வீட்டில் இருந்த அரிவாள்மனையைப் பரண் மேல் போட்டுவிட்டாராம். கத்தியைக் கண்டால் ‘இதால் குழந்தையைக் குத்திவிடுவேனோ’ என்று ஓர் எண்ணம் வெட்டிப்போகிறது. சமையலறைக்குப் போவதில்லை, குழந்தையோடு தனியாக இருப்பதில்லை. சோம்பேறித்தனம் என்று அம்மா திட்டுகிறார். “வெளிய சொன்னா பிள்ளையப் பிரிச்சிடுவாங்க டாக்டர்” என்று அழுதார். சன்னதியில் நிற்கும்போது ஆபாசமான எண்ணம் வருகிறதென்று கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்ட பக்தர்களையும் பார்த்திருக்கிறேன். பாவம் செய்துவிட்டோம் என்று பரிகாரம் மேல் பரிகாரம் செய்து, அந்தப் பரிகாரமே நோயின் மறு பாதியாகிவிட்ட நிலையில் வருவார்கள்.

இவர்களுக்கு நான் தவறாமல் சொல்லும் ஓர் ஆய்வு இருக்கிறது. இலங்கையில் பிறந்து லண்டனில் பணியாற்றிய உளவியலாளர் பத்மல் டி சில்வாவும் ஸ்டான்லி ராக்மனும் 1978-ல் வெளியிட்டது. மனநோய் எதுவும் இல்லாத சாதாரண மக்களிடம் கேட்டபோது, ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் தங்களுக்கும் இப்படி வேண்டாத எண்ணங்கள் வருவதாகச் சொன்னார்கள். ஒருவரைத் தள்ளிவிடலாமா, கெட்ட வார்த்தை கத்திவிடுவோமா என்கிற மாதிரியான எண்ணங்கள். மற்றவர்கள் ‘சே, என்ன இது’ என்று கடந்துவிடுகிறார்கள். நோயுள்ளவர் அதற்கு அர்த்தம் தேடுகிறார், விரட்டுகிறார், விரட்ட விரட்ட அது ஒட்டிக்கொள்கிறது. அந்தத் தாய் குழந்தையை அவ்வளவு நேசிப்பதால்தான் அந்த எண்ணம் அவரை அப்படி உலுக்குகிறது.

ஒரு எச்சரிக்கை. பிரசவத்துக்குப் பின் தூக்கமே இல்லாமல், காதில் குரல் கேட்டு, குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கைகளை உறுதியாகப் பேசும் நிலை வேறு. அது அவசர நிலை, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எது எதுவென்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டாம்.

சரி, சிகிச்சைக்கு வருகிறேன். 1966-ல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் செய்ததுதான் இன்றைய சிகிச்சைக்கு ஆரம்பம். நோயாளிகளை அவர்கள் அஞ்சும் பொருள்களைத் தொடவைத்து, செவிலியர் துணையோடு கழுவவிடாமல் பார்த்துக்கொண்டார். இன்று நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. பயப்படுவதையெல்லாம் நோயாளியே பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நூறுக்கு எவ்வளவு பயம் என்று மதிப்பெண் கொடுக்கிறார். மேலே சொன்ன மனைவியின் பட்டியலில் வீட்டுத் தாழ்ப்பாள் 30, ரூபாய் நோட்டு 50, பஸ்ஸில் உட்கார்ந்த சேலையோடு மெத்தையில் உட்காருவது 90. முதல் வாரம் தாழ்ப்பாள். தொட வேண்டும், கழுவக் கூடாது, அவ்வளவுதான். பதற்றம் ஏறும். கழுவினால் மட்டுமே இறங்கும் என்று அவர் நம்பியிருந்தார். கழுவாமலும் இறங்குகிறது, இறங்காத நாளில்கூட அதைத் தாங்க முடிகிறது என்பதை உடம்பால் அறிந்துகொள்வதுதான் சிகிச்சை. விளக்கிச் சொல்லி அந்த அறிவைக் கொடுத்துவிட முடியாது.

மருந்தும் நன்றாக வேலை செய்கிறது. ஃப்ளூக்செடின், செர்ட்ரலின், ஃப்ளூவாக்சமைன் போன்றவை. மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடப் பெரும்பாலும் கூடுதல் அளவு தேவைப்படும், முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். இரண்டு வாரத்தில் ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம், எனக்கு அதில் மிகுந்த வருத்தம் உண்டு. இவை தூக்க மாத்திரைகள் அல்ல, அடிமைப்படுத்தவும் செய்யாது. ஆனால் குணம் தெரிந்ததும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

குடும்பத்துக்கு நான் கொடுக்கும் வேலை கஷ்டமானது. ஆறுதல் பதிலை ஒரே நாளில் வெட்டக் கூடாது. கோபத்தில் “போ, நீயே பார்த்துக்கோ” என்பது சிகிச்சை ஆகாது. நோயாளியும் சம்மதித்து, மூவரும் உட்கார்ந்து, என்ன சொல்வதென்று முன்பே பேசி வைத்துக்கொள்கிறோம். அந்த வீட்டில் தேர்ந்தெடுத்த வாக்கியம் இது: “இது நோய் கேட்கிற கேள்வி. பதில் சொல்ல மாட்டேன், ஆனா உன் பக்கத்துலயே இருப்பேன்.”

பத்தாவது வாரம் அந்தக் கணவர் முன்வாசல் வழியாக உள்ளே போனார். மனைவி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாராம். “காதுக்குப் பின்னாடி…” என்று தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டார். இரண்டு பேரும் பேசாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்து, “பசிக்குது, தோசை ஊத்தட்டுமா?” என்று எழுந்து போயிருக்கிறார்.