கைச்சூடு என்று ஒரு நோய் கிடையாது

இந்த மாதத்தில் இது நான்காவது பிள்ளை. ஒன்பது மாதப் பெண். அப்பா சிங்கப்பூரிலிருந்து லீவில் காரைக்குடி வந்திருக்கிறார். தினமும் வீடியோ காலில் சிரித்த பிள்ளை, நேரில் தூக்கியதும் வீறிட்டு அழுது, அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டதாம். மனுஷர் வாடிப்போய் என் எதிரில் உட்கார்ந்திருந்தார். அப்பத்தா தீர்ப்பே எழுதிவிட்டார்: "தூக்கித் தூக்கிக் கைச்சூடு பழக்கிட்டா டாக்டர். ரெண்டு நாள் அழவிட்டா தன்னால அடங்கும்."

ஆச்சி, அழுது ஓய்வது அடக்கம் இல்லை, அலுப்பு. நாலு மாதத்தில் யார் தூக்கினாலும் சிரித்த பிள்ளைதான். ஏழெட்டு மாதத்தில் தன் ஆள் யார், வேற்றாள் யார் என்று பிரிக்கத் தெரிந்துவிடுகிறது. அதனால் அழுகிறது. சந்தோஷப்பட வேண்டியதற்கு என்னிடம் மருந்து கேட்கிறீர்கள்.

தூக்கினால் அழுகை கூடுமா? 26 குழந்தைகளை முதல் வருஷம் முழுக்க அவரவர் வீட்டிலேயே கவனித்து, குழந்தை உளவியல் ஆய்வாளர்கள் சில்வியா பெல்லும் மேரி ஐன்ஸ்வொர்த்தும் 1972-இல் எழுதினார்கள்: அழுதவுடன் கவனிக்கப்பட்ட பிள்ளைகள் வருஷக் கடைசியில் குறைவாகவே அழுதன. அந்தக் கணக்கில் பிற்பாடு குறை சொன்னவர்களும் உண்டு. சரி, சொல்லட்டும். தூக்கியதால் கெட்டுப்போன கைப்பிள்ளையை நான் இதுவரை பார்க்கவில்லை.

பால் கொடுப்பவரிடம் மட்டும்தான் ஒட்டும் என்பதும் இல்லை. உளவியலாளர் ஹாரி ஹார்லோ தாயிடமிருந்து பிரித்து, தாய்க்குப் பதில் இரண்டு பொம்மைகளோடு வளர்த்துப் பார்த்த குரங்குக் குட்டிகள் பால் தந்த கம்பிப் பொம்மையை விட்டுவிட்டு, துணி சுற்றிய பொம்மையைத்தான் நாளெல்லாம் கட்டிக்கொண்டு கிடந்தன. ஆகவே அப்பாவுக்கும் இடமுண்டு, அப்பத்தாவுக்கும் உண்டு.

எனக்கு நிஜமாகக் கோபம் வருவது வேறொன்றில். நம் செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பில் பிள்ளைக்குக் காக்காய் காட்டிக்கொண்டிருக்கும்போதே அம்மா பின்கட்டு வழியாக நழுவி வேலைக்குப் போய்விடுகிறார். திரும்பிப் பார்க்கும் பிள்ளைக்கு அம்மா எந்த நிமிஷமும் காணாமல் போகக்கூடியவள். மறுநாள் குளியலறைக்குக்கூட விடாது. தயவுசெய்து சொல்லிவிட்டுப் போங்கள். அழட்டும், டாட்டா காட்டுங்கள்.

ஊரிலிருந்து வருகிறவர்கள் பிடுங்கித் தூக்காதீர்கள். அம்மா மடியில் இருக்கட்டும். தரையில் உட்கார்ந்து ஒரு கரண்டியைத் தட்டிக்கொண்டிருங்கள், அதுவே வரும். நானும் ஸ்டெதாஸ்கோப்பை முதலில் அம்மாவின் கையில்தான் வைக்கிறேன். மூன்று மாதம் முடிந்தும் முகம் பார்த்துச் சிரிக்காவிட்டால், ஒரு வயதாகியும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாவிட்டால், அப்போது அவசியம் காட்டுங்கள்.

ஒன்பதாம் மாத ஊசிக்கு அதே பிள்ளை அடுத்த வாரம் வந்தது. அப்பாவின் சட்டைப் பாக்கெட்டை ஒரு கையால் இறுகப் பிடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் வீறிட்டு, அவர் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.