மடையான் என்ன நிறம்?

ஏரிக்கரையில் நடந்து போகும்போது பக்கத்தில் கிடந்த மண்கட்டி ஒன்று திடீரென்று வெள்ளையாகி எழுந்து பறந்ததைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் மடையான். மடைவாயிலும் வரப்போரத்திலும் கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது பழுப்பு முதுகும் கோடு கோடான கழுத்துமாகச் சேற்றோடு சேறாக இருக்கும், நாம் இரண்டு எட்டு கூட வைத்ததும் சிறகை விரிக்கும், அப்போது பார்த்தால் சிறகும் வாலும் பளீர் வெள்ளை. கொஞ்சம் தள்ளி இறங்கிச் சிறகை மடக்கியதும் மறுபடியும் மண். இதே பறவை இனப்பெருக்கக் காலத்தில் முதுகெல்லாம் அரக்குச் சிவப்பாகி, தலையும் கழுத்தும் வெளிர் மஞ்சள்பழுப்பாகி, பிடரியில் நீளமான தூவிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும். அப்படி நிற்பதை முதல்முறை பார்ப்பவர்கள் வெளிநாட்டிலிருந்து வந்த ஏதோ புதுப் பறவை என்றுதான் நினைக்கிறார்கள்.

சரி, மடையான் என்ன நிறம்?

பறவை பார்க்கத் தொடங்கிய முதல் வருடம் முழுக்க நான் நோட்டில் எழுதியது நிறத்தை மட்டும்தான். 'பழுப்பு, சின்னது, வயலில்' என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. அந்தக் குறிப்புகளிலிருந்து இன்று ஒரு பறவையின் பெயரைக்கூட உறுதியாக எடுக்க முடியவில்லை. பார்த்த பறவைகள் எல்லாம் கைநழுவிப் போனதுபோல இருக்கிறது, அதனால்தான் புதிதாகத் தொடங்குகிறவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிட நினைக்கிறேன்: பறவையின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த நிறம் இறகில் எப்படி உண்டாகிறது, எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

முக்கியமான விஷயம், முழுதாக வளர்ந்த இறகு உயிரற்ற பொருள். நம் நகமும் முடியும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை, இறகும் இன்னொரு வகைக் கெரட்டினால் ஆனதுதான். வளரும்போது அதற்குள் இரத்தம் ஓடும், நிறமி சேரும், வளர்ந்து முடிந்ததும் அந்த ஓட்டம் நின்றுவிடும். அதற்குப் பிறகு உள்ளிருந்து அதன் நிறத்தை மாற்றப் பறவையால் முடியாது. ஆகவே ஒரு பறவையின் இறகு நிறம் மாறியிருக்கிறது என்றால், பெரும்பாலும் இரண்டு வழிதான்: பழைய இறகை உதிர்த்துப் புதிய இறகு முளைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இருக்கிற இறகு தேய்ந்தோ வெயிலில் வெளுத்தோ போயிருக்க வேண்டும். மடையானின் அரக்கு முதுகு முதல் வழியில் வருவது.

இரண்டாவது வழிக்கு நம் வீட்டுச் சிட்டுக்குருவியே சாட்சி. ஆண் குருவியின் தொண்டையில் கறுப்பு மார்புத்துணி கட்டியதுபோல ஒரு திட்டு இருக்கும் அல்லவா? இனப்பெருக்கம் முடிந்து புது இறகு முளைத்த சமயத்தில் அது மங்கலாக, சாம்பல் பூத்ததுபோலத் தெரியும். காரணம், அந்தக் கறுப்பு இறகு ஒவ்வொன்றின் நுனியும் வெளிர் நிறம். மாதக்கணக்கில் மண்ணில் குளித்து, ஓட்டுச் சந்தில் நுழைந்து வெளிவந்து, அந்த நுனிகள் தேய்ந்து போகின்றன. ஜோடி தேடும் காலம் வருவதற்குள் கறுப்பு முழுதாக வெளிப்பட்டுவிடும். ஒரு இறகுகூட உதிராமல் குருவி கல்யாணக் கோலத்துக்கு வந்துவிடுகிறது. இதை முதன்முதலில் புரிந்துகொண்ட அன்று ரொம்ப நேரம் ஜன்னலில் இருந்த குருவியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளிர் நுனி முதலில் தேய்வதற்கும் காரணம் உண்டு. கறுப்பு, சாம்பல், பழுப்பு, செம்பழுப்பு ஆகிய நிறங்களைத் தருவது மெலனின் என்ற நிறமி. மெலனின் சேர்ந்த இறகு உறுதியானது, நிறமி இல்லாத வெள்ளைப் பகுதி சீக்கிரம் நைந்துபோகும். பூநாரை, நத்தைகுத்தி நாரை, கடற்காகங்களில் பல என்று உடம்பெல்லாம் வெளுப்பாக இருக்கிற பறவைகள் சிறகின் ஓரத்தையோ நுனியையோ மட்டும் கறுப்பாக வைத்திருப்பதைக் கவனியுங்கள். காற்றின் உரசலை அதிகம் வாங்குகிற இடம் அது. இந்த வேறுபாடு அடையாளம் காண்பதிலும் குறுக்கே வரும்: இறகோரத்தில் வெள்ளைப் புள்ளி வரிசை உள்ள பறவையில் சில மாதங்களில் அந்தப் புள்ளிகள் மட்டும் உதிர்ந்து, ஓரம் ரம்பப் பல் போல ஆகிவிடும். கையேட்டுப் படத்தில் இருக்கும் புள்ளி பறவையில் இல்லையே என்று குழம்ப வேண்டாம், அது இருந்த இடம் பல்லாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

இறகு செத்தது என்றேன். ஆனால் அலகும் காலும் முகத்தோலும் உயிருள்ளவை, அவற்றின் நிறம் ஹார்மோன் சுரப்பைப் பொறுத்துச் சில நாட்களிலேயே மாறலாம். வெண்கொக்குகளிடம் எல்லோரும் தடுமாறுவது இதனால்தான். பெரிய வெண்கொக்குக்கும் நடுத்தர வெண்கொக்குக்கும் சாதாரண நாட்களில் அலகு மஞ்சள், இனப்பெருக்கக் காலத்தில் இரண்டுக்கும் கறுத்துவிடும். கறுப்பு அலகு என்று பார்த்தவுடன் சின்ன வெண்கொக்கு என்று எழுதிவிட்டால் தவறாகிவிடும். அலகு நிறத்தை விட்டுவிட்டு வாய்ப்பிளவைப் பாருங்கள்: பெரிய வெண்கொக்கில் அந்தக் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும், நடுத்தரக் கொக்கில் கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். சின்ன வெண்கொக்குக்குக் காலைப் பார்க்க வேண்டும், கறுப்புக் காலில் மஞ்சள் பாதம், மஞ்சள் சாக்ஸ் போட்டதுபோல. சேற்றில் நின்றால் பாதம் தெரியாது, பறக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். மாட்டுக்குப் பின்னால் திரியும் உண்ணிக்கொக்கு வருடத்தில் பாதி நாள் வெள்ளை, இனப்பெருக்கக் காலத்தில் தலையிலும் கழுத்திலும் முதுகிலும் ஆரஞ்சு பூசிக்கொள்ளும்.

அடுத்தது வெளிச்சம். நிறமிகளில் மெலனினைச் சொன்னேன். மாங்குயிலின் மஞ்சளும் பூநாரையின் இளஞ்சிவப்பும் கரோட்டினாய்டுகள், உணவிலிருந்து வருபவை. பூநாரை தின்னும் பாசியிலும் சின்ன இறால்களிலும் அந்தச் சத்து இருக்கிறது, குஞ்சுகள் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். கிளிகள் தனிவழி, அவற்றின் சிவப்பையும் மஞ்சளையும் வேறெந்தப் பறவையிலும் காணாத சொந்த நிறமியால் உடம்பிலேயே தயாரித்துக்கொள்கின்றன. ஆனால் மீன்கொத்தியின் நீலத்துக்கு நீல நிறமி எதுவும் கிடையாது! இறகின் இழைக்குள் கெரட்டினும் காற்றும் கலந்து கடற்பஞ்சு போல நுண்ணிய துளைகளோடு இருக்கின்றன, அந்தத் துளைகளின் அளவும் இடைவெளியும் ஒரு ஒழுங்கில் அமைந்திருப்பதால் நீல ஒளி மட்டும் ஒன்றுகூடித் திரும்பி வருகிறது. வானம் நீலமாகத் தெரிவதுபோல வெறும் ஒளிச்சிதறல்தான் இது என்று நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தார்கள், 1998-ல் அமெரிக்கப் பறவை ஆய்வாளர் ரிச்சர்ட் பிரம் குழுவினர் இந்த ஒழுங்கைக் காட்டிய பிறகுதான் விளக்கம் மாறியது. கீழே விழுந்து கிடக்கும் பனங்காடையின் நீல இறகை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள், நீலம் போய் மங்கிய பழுப்புதான் மிஞ்சும். (பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிடுங்கள். காட்டுப் பறவையின் பாகங்களை எடுத்து வைத்துக்கொள்ள 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை.)

தேன்சிட்டில் இது இன்னும் ஒரு படி மேல். நுண்ணிழைகளுக்குள் மெலனின் துணுக்குகள் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன, ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று சேர்ந்து குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் ஊதாவும் நீலமுமாக மின்னுகிறது. ஆகவே ஆண் ஊதாத் தேன்சிட்டு காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது உலோகம் போல ஜொலிக்கும், தலையைத் திருப்பினால் வெறும் கறுப்பு, மேகமூட்டத்தில் நாள் முழுக்கக் கறுப்பு. இனப்பெருக்கம் முடிந்ததும் அதுவும் போய்விடும். பெண்ணைப் போல மஞ்சள் வயிறோடு, தொண்டையிலிருந்து மார்பு நடுவில் இறங்கும் ஒரு கருங்கோட்டை மட்டும் மிச்சம் வைத்துக்கொண்டு திரியும். அந்தக் கோடுதான் பிடி. பக்கத்திலேயே இருக்கும் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டின் ஆண் இப்படி வேடம் கலைப்பதில்லை, வருடம் முழுக்க அதே கோலம்தான்.

இவ்வளவும் சேர்ந்தால் நிறத்தை வைத்து என்னதான் செய்வது? நிறம் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்ப்பதுதான் வழி. நிறத்தின் சாயல் வெயிலுக்கும் வயதுக்கும் மாதத்துக்கும் மாறும், கோடும் பட்டையும் திட்டும் உட்கார்ந்திருக்கும் இடம் அவ்வளவு சுலபத்தில் மாறாது. ஒரு காலத்தில் பறவையின் பெயரை உறுதி செய்யச் சுட்டு வீழ்த்திக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். தொலைநோக்கி பரவிய பிறகு, 1934-ல் அமெரிக்காவின் ரோஜர் டோரி பீட்டர்சன் வெளியிட்ட கையேடு, ஒரு பறவையை மற்றொன்றிலிருந்து பிரிக்கும் இடத்தைச் சின்ன அம்புக்குறியால் சுட்டிக்காட்டியது. அந்த அம்பு எத்தனை பறவைகளின் உயிரைக் காப்பாற்றியிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு.

தமிழில் பெயர்களே அந்த அம்பு வேலையைச் செய்கின்றன. வெண்புருவ வாலாட்டி என்றால் கறுப்புத் தலையில் கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு. செம்மீசைச் சின்னான் என்றால் கன்னத்தில் சிவப்பு. ஊதாப்பிட்டு என்றால் வாலுக்கு மேலே முதுகு முடியும் இடத்தில் ஊதா. புருவம், கண்பட்டை, மீசை, தொண்டை, பிடரி, பிட்டம், வாலடி, சிறகுப்பட்டை என்று இந்த இடங்களின் பெயர்கள் வாயில் வந்துவிட்டால் கண் தானாக அங்கே போகும். இரண்டு நொடி மட்டும் தெரிந்த பறவையிலும் புருவம் இருந்ததா என்று கேட்டுக்கொள்ள முடியும். நோட்டில் உருளைக்கிழங்கு போல ஒரு உடம்பு, அதன்மேல் ஒரு தலை வரைந்து, பார்த்த இடங்களில் மட்டும் கோடு போடுங்கள், படம் அழகாக இருக்க வேண்டியதில்லை.

இதன் பலன் முழுதாகத் தெரிவது கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் பள்ளிக்கரணையிலும் குளிர்காலத்தில் வந்து இறங்கும் உள்ளான், உப்புக்கொத்திக் கூட்டங்களிடம். எல்லாம் சாம்பல், எல்லாம் சேற்றில் குனிந்து கொத்திக்கொண்டிருக்கும். பலர் இங்கேயே தொலைநோக்கியை மூடி வைத்துவிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் இறகைப் படிக்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. சாதாரண உள்ளான் நிற்கும்போது மார்பின் வெள்ளை, மடக்கிய சிறகுக்கு முன்னால் ஆப்பு அடித்ததுபோல மேலே ஏறியிருக்கும். பொரி உள்ளானின் முதுகில் பொரி இறைத்ததுபோல வெளிர் புள்ளிகள், பறந்தால் பிட்டம் வெள்ளை. செப்டம்பரில் வந்து சேரும் கூட்டத்தில் வயதைக்கூடச் சொல்லலாம்: அந்த வருடக் குஞ்சுக்கு எல்லா இறகும் ஒரே சமயத்தில் முளைத்தவை, ஓரம் கலையாமல் மீன் செதில் அடுக்கியதுபோல இருக்கும், பெரியவற்றின் முதுகில் நைந்த பழைய இறகும் புதிய சாம்பல் இறகும் கலந்து கிடக்கும். சைபீரிய வடகோடியில் குஞ்சு பொரித்துவிட்டு வரும் வளைந்த அலகு உள்ளான்களில் சில, ஆகஸ்டில் வயிற்றில் செங்கல் சிவப்புத் திட்டுகளோடு வந்து இறங்கும், ஏப்ரலில் கிளம்புவதற்குள் மறுபடியும் சிவக்கத் தொடங்கும். அந்த மாதத்தில் பொன்னிற உப்புக்கொத்தியின் வயிற்றிலும் கறுப்பு இறகுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக எட்டிப்பார்க்கும்.

இறகு மட்டும் போதாத இடங்களும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். செம்பருந்தின் வெள்ளைத் தலையும் செங்காவி உடம்பும் யாருக்கும் தெரியும், ஆனால் அதன் இளம்பறவை மொத்தமாகப் பழுப்பு, அதைக் கரும்பருந்து என்று சொல்லாதவர்கள் குறைவு. அங்கே வாலின் வடிவம்தான் கைகொடுக்கும்: செம்பருந்துக்கு வட்டமான நுனி, கரும்பருந்துக்கு நடுவில் பிளவு. கரும்பருந்து வாலை முழுதாக விரித்தால் பிளவு மறைந்துவிடும், மூலைகள் மட்டும் கூர்மையாகத் தெரியும். இன்னொரு சிக்கல் அக்காக்குயில். சாம்பல் முதுகு, பட்டை போட்ட வால், படபடவென்று அடித்துவிட்டு மிதக்கும் பறத்தல் எல்லாமே வல்லூறை அச்சு அசலாக ஒத்திருக்கும், ஆனால் அக்காக்குயில் தவிட்டுக்குருவிக் கூட்டில் முட்டையிடும் பறவை. கொக்கி போல வளைந்த அலகும் நீண்ட மஞ்சள் காலும் இருந்தால் வல்லூறு.

மடையானுக்கே வருகிறேன். வடகிழக்கு இந்தியாவில் சீன மடையானும் உண்டு. இனப்பெருக்கக் கோலத்தில் அதன் தலையும் கழுத்தும் ஆழ்ந்த செம்பழுப்பு, முதுகு கருஞ்சாம்பல், சந்தேகத்துக்கே இடமில்லை. குளிர்கால இறகில் இரண்டையும் வயலில் வைத்துப் பிரிப்பது ஏறக்குறைய முடியாத காரியம், அனுபவசாலிகள் அப்போது 'மடையான் வகை' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறார்கள். பருவம் திரும்பியதும் அதே வயலுக்கு மறுபடி போவார்கள், முதுகில் புதிதாக முளைத்திருக்கும் இரண்டு மூன்று இறகுகள் அரக்காக இருக்கின்றனவா, கருஞ்சாம்பலாக இருக்கின்றனவா என்று பார்க்க.