எந்த ஆக்சிஜன் சென்சார்? எங்கே இருக்கிறது?

டேஷ்போர்டில் 'செக் இன்ஜின்' விளக்கு எரிகிறது. ஸ்கேனர் போட்டுப் பார்த்தால் பி0141 என்ற பழுதுக் குறியீடு வருகிறது. "ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு, மாத்திடலாம்" என்கிறார் மெக்கானிக். சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளுக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கும் முன் அவரிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: எந்த சென்சார்? இன்று ஓடும் பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் இரண்டு சென்சார்கள் உண்டு. பார்த்தால் அண்ணன் தம்பி போல இருக்கும். ஆனால் வேலை வேறு, ஒயர் நீளம் வேறு, பல மாடல்களில் கனெக்டரும் வேறு.

இரண்டு எதற்கு? ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று தேவை. அந்த அளவு கொஞ்சம் பிசகினாலும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரால் புகையைச் சரியாகச் சுத்தம் செய்ய முடியாது. அதனால் கன்வர்ட்டருக்கு முன்னால் இருக்கும் சென்சார், எரிந்து வரும் புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைப் பார்த்து, இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான இ.சி.யு.வுக்குச் சொல்லும். பெட்ரோலைக் கூட்டுவதும் குறைப்பதும் அதை வைத்துத்தான். கன்வர்ட்டருக்குப் பின்னால் இருப்பதன் முக்கிய வேலை, கன்வர்ட்டர் ஒழுங்காக உழைக்கிறதா என்று கண்காணிப்பது. இதைப் பிடித்துக்கொண்டால் இரண்டும் எங்கே இருக்கும் என்பதும் தெரிந்துவிடும்: கன்வர்ட்டரைக் கண்டுபிடியுங்கள், அதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு பானட்டைத் திறங்கள். ஒரு பக்கம் பிளாஸ்டிக்கிலோ அலுமினியத்திலோ செய்த இன்டேக் மேனிஃபோல்ட் இருக்கும். ஏர் ஃபில்டரிலிருந்து வரும் குழாய் அதில்தான் போய்ச் சேரும். பெரும்பாலும் அதற்கு நேரெதிர்ப் பக்கம்தான் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட். மாடலைப் பொறுத்து அது ரேடியேட்டர் பக்கமோ, டேஷ்போர்டு பக்கச் சுவரை ஒட்டியோ இருக்கும். அதன்மேல் தகரத்தில் ஒரு ஹீட் ஷீல்டு மூடியிருக்கும். அந்தத் தகரத்தில் ஓர் ஓட்டை, அதன் வழியே ஸ்பார்க் பிளக் போன்ற ஓர் உருப்படி, அதன் வாலில் நாலு ஒயர் என்றால், அதுதான் முதல் சென்சார். இரண்டாவதைத் தேட அதே குழாயைப் பின்தொடர்ந்து கீழே போக வேண்டும். கன்வர்ட்டர் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டோடு ஒட்டியிருக்கும் கார்களில் அதன் அடிப்பகுதியில் இருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. கன்வர்ட்டர் தள்ளி இருந்தால் முன் சீட்டுகளுக்கு அடியில், குழாயின் மேல்பக்கம் இருக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்; ராம்ப் வேண்டும், இல்லையென்றால் ஸ்டாண்ட் வேண்டும்.

ஸ்கேனரில் இவை 'பேங்க் 1 சென்சார் 1', 'பேங்க் 1 சென்சார் 2' என்று வரும். முதல் சிலிண்டர் இருக்கும் வரிசைதான் பேங்க் 1. மூன்று, நாலு சிலிண்டர் ஒரே வரிசையில் நிற்கும் நம்மூர் கார்களில் பேங்க் 2 என்பதே கிடையாது. வி6 போன்ற இன்ஜின்களில்தான் இரண்டு வரிசை, பெரும்பாலும் நாலு சென்சார். பி0135 முதல் சென்சாரின் ஹீட்டரைக் குறிக்கும். பி0141 இரண்டாவதின் ஹீட்டரை. இரண்டும் ஒன்றாக வந்தால் சென்சாரில் கை வைக்கும் முன் ஃபியூஸைப் பாருங்கள்.

ஹீட்டர் எதற்கென்றால், உள்ளே இருக்கும் சிர்கோனியா பீங்கான் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் வேலை செய்யும். அதன் ஒரு பக்கம் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. இரண்டு பக்க ஆக்சிஜன் அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் மின்னழுத்தமாக வெளிப்படுகிறது: பெட்ரோல் அதிகமானால் 0.8, 0.9 வோல்ட், காற்று அதிகமானால் 0.1 வோல்ட். அந்த வெளிக்காற்று பல சென்சார்களில் ஒயரின் இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாகவே உள்ளே போகிறது. இது தெரியாமல் கனெக்டரில் கிரீஸ் அப்புகிறவர்கள், ஒயரை வெட்டி ஈயம் வைத்து ஒட்டுகிறவர்கள் நிறையப் பேர். அப்படிச் செய்தால் காற்றுப்பாதை அடைபட்டு, நல்ல சென்சாரும் தப்பாகப் பேசும்.

எது பழுது என்பதை ஸ்கேனரின் லைவ் டேட்டாவில், அதாவது இன்ஜின் ஓடும்போதே காட்டும் அளவுகளில், பார்க்கலாம். இன்ஜின் சூடான பிறகு முதல் சென்சார் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கும். இரண்டாவது 0.6, 0.7 பக்கம் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். இரண்டாவதும் முதலாவதைப் போலவே ஆடினால் அனேகமாகக் கன்வர்ட்டர் திறன் இழந்துவிட்டது என்று பொருள். அப்போது வரும் குறியீடு பி0420. அதற்காக இரண்டாவது சென்சாரை மாற்றுவது, செய்தி சொன்னவனைத் தண்டிப்பது. முதல் சென்சார் காற்று-பெட்ரோல் விகிதத்தையே அளக்கும் ஏர்-ஃப்யூல் வகையாக இருந்தால் இந்த ஆட்டம் தெரியாது. அதன் கணக்கே வேறு.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கட் பக்கம் கரிக்கோடு படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். சென்சார் அதையும் சேர்த்து எண்ணி, காற்று அதிகம் என்று சொல்லிவிடும்.

சென்னையில் இரண்டாவது சென்சாருக்கு வினை ஐப்பசி, கார்த்திகையில்தான். வேளச்சேரியில் முழங்கால் தண்ணீரில் வண்டியை இறக்கும்போது, சுடச்சுட இருக்கும் பீங்கான் சட்டென்று குளிர்ந்து விரிசல் விடலாம்; தண்ணீர் கனெக்டரிலும் ஏறும். கடற்கரையோரம் நிற்கும் வண்டிகளில் உப்புக்காற்றால் மரை துருப்பிடித்து இறுகிவிடும்.

கழற்ற 22 மி.மீ. ஸ்பேனர், முடிந்தால் ஒயருக்குப் பிளவு விட்ட சாக்கெட். மரையில் துரு நீக்கும் ஆயில் அடித்து ஊறவிட்டு, குழாய் வெதுவெதுப்பாக இருக்கும்போது கையுறை போட்டுத் திருகினால் மரை பிய்யாமல் வரும். புதிய சென்சாரின் மரையில் பெரும்பாலும் கம்பெனியே மரை இறுகாமல் இருக்க ஒரு பசை தடவியிருக்கும். மேலும் தடவ வேண்டாம், முனையில் படவே கூடாது. சிலிகான் சீலன்ட் பக்கத்தில் வந்தாலே சென்சாருக்கு விஷம். முறுக்கு விசை சுமார் 40 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டியின் மேனுவலில் வேறாக இருந்தால் அதுவே சரி. ஒயரைப் பழைய கிளிப்பிலேயே மாட்டுங்கள். தொங்கவிட்டால் சூடான குழாயில் பட்டு உருகி, ஹீட்டர் ஃபியூஸ் போய்விடும்.