12/3 எப்படி மார்ச் 12 ஆகிறது?

கோத்தகிரி, குந்தா பகுதிகளின் சிறு தேயிலை விவசாயிகள் குழு ஒன்று தன் உறுப்பினர்களின் விவரங்களை இணையப் படிவம் ஒன்றின் வழியாகத் திரட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெயர், முகவரி, சர்வே எண், பரப்பு, தொலைபேசி எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை உறுப்பினர்கள் நிரப்பி அனுப்புகிறார்கள். படிவத்தை நிர்வகிக்கும் திரையில் அவை யாவும் பிழையின்றித் தெரிகின்றன. அவற்றை ஏற்றுமதி செய்து எக்செலில் திறந்தால் சர்வே எண் 12/3 இருந்த இடத்தில் மார்ச் 12 என்ற தேதி நிற்கிறது, 0423 என்ற உதகைத் தொலைபேசிக் குறியீடு 423 ஆகிவிடுகிறது, குன்னூர் என்ற ஊர்ப்பெயர் எந்த மொழியிலும் சேராத கிறுக்கல்களாக நீள்கிறது. ஏற்றுமதியில்தான் கோளாறு என்று எண்ணிப் படிவத்தை மாற்றியமைக்கப் புறப்படுபவர்கள் பலர். பெரும்பாலான நேரங்களில் இறங்கி வந்த கோப்பில் பிழையே இருப்பதில்லை; அதை இருமுறை சொடுக்கித் திறக்கும் அந்த நொடியில்தான் எல்லாம் நடக்கிறது.

படிவங்களிலிருந்து வழக்கமாகக் கிடைப்பது சிஎஸ்வி கோப்பு. ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு வரி, ஒரு விடைக்கும் அடுத்த விடைக்கும் இடையில் ஒரு காற்புள்ளி என்பதே அதன் அமைப்பு. பல்லாண்டுகள் புழக்கத்தில் இருந்தபின், 2005ஆம் ஆண்டில்தான் ஆர்எஃப்சி 4180 என்ற ஆவணம் அதன் விதிகளை எழுத்தில் வைத்தது. அந்த விதிகளில் ஒரு நெடுவரிசையில் இருப்பது எண்ணா, தேதியா, வெறும் எழுத்தா என்று குறித்துவைக்க இடமே கிடையாது. ஆகவே கோப்பைத் திறக்கும் எக்செல் போன்ற விரிதாள் மென்பொருள், ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்துத் தானாகவே ஊகிக்க வேண்டியிருக்கிறது. விடையை மேற்கோள் குறிக்குள் வைத்துவிட்டால் அது எழுத்தாகவே நிற்கும் என்று சிலர் நம்புகிறார்கள். எக்செல் அந்தக் குறிகளைக் கழற்றிவிட்டே ஊகிக்கத் தொடங்குகிறது.

சர்வே எண் இந்த ஊகத்துக்கு வகையாகச் சிக்கும் ஒன்று. 12/3 என்பதை நாளும் மாதமுமாகப் படிக்கலாம் என்பதால், இந்திய அமைப்பில் உள்ள கணினி அதை மார்ச் 12 என்று முடிவுசெய்து, கோப்பு திறக்கப்பட்ட ஆண்டையும் தானே சேர்த்துக்கொள்கிறது. உள்ளே சேமிக்கப்படுவது தேதிகூட அன்று. 1900 ஜனவரி 1ஐ ஒன்று என வைத்து எண்ணிய நாள் கணக்கு. 2024இல் திறந்திருந்தால் அது 45363 ஆக இருக்கும். பிறகு அந்த நெடுவரிசையை எழுத்து வடிவத்துக்கு மாற்றினால் 12/3 திரும்பி வராமல் 45363 என்று தோன்றுவது அதனால்தான். 145/2 போன்ற எண்ணை எந்த நாளாகவும் படிக்க முடியாது. 12/3ஏ என்பதில் எழுத்து குறுக்கிடுகிறது. எனவே இவை தப்பிவிடுகின்றன. ஒரே நெடுவரிசையில் பாதி சரியாகவும் பாதி தேதியாகவும் இருந்தால், விண்ணப்பதாரர்களைக் குறை சொல்லாமல் விரிதாளைச் சந்தேகிப்பதே முறை. மரபணு ஆய்வாளர்களும் இதே தொல்லையை நெடுங்காலம் அனுபவித்தார்கள். மாதப் பெயர்களை ஒத்த மரபணுச் சுருக்கங்களை எக்செல் தேதியாக்கிக்கொண்டே இருந்ததால், 2020இல் மரபணுக்களின் பெயர்களையே மாற்றிவிட்டார்கள். மென்பொருளை வளைப்பதைவிட அறிவியலை வளைப்பது எளிதாக இருந்திருக்கிறது.

எண்களைப் போலத் தோன்றினாலும் கூட்டவோ கழிக்கவோ பயன்படாத அடையாளங்களுக்கு நேர்வதும் இதுவே. எண் என்று கொண்டால் முன்னால் நிற்கும் பூஜ்ஜியத்துக்குப் பொருளில்லை என்பதால் கொடைக்கானலின் 04542 என்ற குறியீடு 4542 ஆகிறது. +91 உடன் இடைவெளியின்றி எழுதப்பட்ட கைபேசி எண் கூட்டல் குறியை இழந்து, 12 இலக்கங்கள் ஆகிவிடுவதால் பத்தின் அடுக்காகச் சுருக்கப்பட்டுத் தெரிகிறது. இந்தச் சுருக்கம் தோற்றம் மட்டுமே. வடிவத்தை மாற்றினால் இலக்கங்கள் திரும்பத் தெரியும். வங்கிக் கணக்கு எண்ணின் நிலை அப்படியன்று. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே காக்கிறது. 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்ஜியமாக மாறிவிடும், அந்தக் கோப்பைச் சேமித்துவிட்டால் அதைக் கொண்டு உண்மையான எண்ணை மீட்க வழியில்லை. பரப்பு 1.20 ஏக்கர் என்பது 1.2 ஆவது கணக்குப்படி சரிதான்; ஆனால் புள்ளிக்குப் பின் வருவதைச் சென்ட் என்று படித்துப் பழகியவருக்கு ஒரு ஏக்கர் 20 சென்ட், ஒரு ஏக்கர் இரண்டு சென்டாகத் தோன்றக்கூடும்.

தமிழ் கிறுக்கலாவதற்குக் காரணம் வேறு. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் முறைகளில் ஒன்றான யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளாக எழுதப்படுகிறது. குன்னூர் என்பதில் நம் கண்ணுக்கு நான்கு எழுத்துகள். துணைக்குறிகளையும் புள்ளிகளையும் தனித்தனியே எண்ணும் கணினிக்கு எட்டுக் குறியீடுகள், ஆக 24 பைட்டுகள். கோப்பு இந்த முறையில் எழுதப்பட்டது என்று அறியாத எக்செல், பழைய மேற்கத்திய எழுத்து அட்டவணையின்படி பைட்டுக்கு ஓர் எழுத்தாக அவற்றைப் படித்துவிடுகிறது. தலையில் கோடு போட்ட ஒரே ஆங்கில எழுத்து மூன்று இடத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்தால், தரவு நலமாக இருக்கிறது, படிக்கும் முறைதான் தவறு என்று உறுதியாகச் சொல்லலாம். கோப்பின் தொடக்கத்தில் யுடிஎஃப்-8 அடையாளமாக மூன்று பைட்டுகளைச் சேர்த்து ஏற்றுமதி செய்யும் வசதி பல படிவ மென்பொருள்களில் உண்டு. அது இருந்தால் இருமுறை சொடுக்கினாலும் தமிழ் சரியாகத் தெரியும். கிறுக்கலுக்குப் பதிலாக வரிசையாகக் கேள்விக்குறிகள் நின்றால், தமிழ் இல்லாத அட்டவணையில் யாரோ கோப்பைச் சேமித்திருக்கிறார்கள் என்று பொருள். அதில் மீட்பதற்கு எழுத்து எதுவும் மிச்சமில்லை.

தமிழ் சரியாகத் தெரிந்த பிறகும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. ஊர்வாரியாக வடிகட்டும்போது கோத்தகிரி இரண்டு தனி ஊர்களாகப் பட்டியலில் வரலாம். ஓகார உயிர்மெய்யின் துணைக்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, கணினிக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள். ஊரைத் தட்டச்சு செய்யவிடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் செய்வது இதற்கு நல்ல தீர்வு.

விடைகள் அடுத்த நெடுவரிசைக்குத் தள்ளிப்போயிருந்தால் முகவரியைப் பார்க்க வேண்டும். அதனுள் இருக்கும் காற்புள்ளிகளும் வரிமுறிவுகளும் மேற்கோள் குறிக்குள் அடைக்கப்படாவிட்டால் ஒரு முகவரி பல கட்டங்களாகவும் பல வரிகளாகவும் சிதறிவிடும். இதுவரை பார்த்தவற்றில் இது ஒன்றுதான் உண்மையிலேயே ஏற்றுமதி செய்யும் மென்பொருளின் குற்றம். கடைசி வரிகள் இல்லாமற்போனால், சேவையகத்தின் நேர வரம்பு முடிந்து ஏற்றுமதி பாதியில் நின்றிருக்கலாம். எக்செலின் பழைய கோப்பு வடிவமான எக்ஸ்எல்எஸ் 65,536 வரிகளுக்கு மேல் ஏற்காது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் அன்றாடக் கணக்கில் சேராமல் போனதன் பின்னணியில் இந்த வரம்பு இருந்தது. அதிகாலை 5 மணிக்கு அனுப்பிய விண்ணப்பம் முந்தைய நாள் இரவு 11.30 என்று பதிவாகியிருந்தால், சேவையகம் உலகப் பொது நேரத்தைக் குறித்திருக்கிறது. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் போதும்.

எந்தக் கோளாறானாலும் முதலில் கோப்பை நோட்பேடில் திறந்து பார்க்க வேண்டும். அதில் 12/3 என்றே இருந்தால் கோப்பில் பழுதில்லை. பிறகு எக்செலை வெறுமையாகத் திறந்து, டேட்டா பட்டியலில் உரைக் கோப்பிலிருந்து தரவைப் பெறும் கட்டளையைத் தேர்ந்து, எழுத்துக் குறியாக்கத்தை யுடிஎஃப்-8ஐக் குறிக்கும் 65001 என வைத்து, தரவு வகையைக் கண்டறிய வேண்டாம் என்று குறிப்பிட வேண்டும். அப்போது எல்லா நெடுவரிசைகளும் எழுத்தாகவே உள்ளே வரும், பரப்பை மட்டும் பின்னர் எண்ணாக மாற்றிக்கொள்ளலாம். இலவச விரிதாள் மென்பொருளான லிப்ரேஆபீஸ் கால்க் இந்தக் கேள்விகளைக் கோப்பைத் திறக்கும்போதே கேட்டுவிடுகிறது. இவ்வகைப் பணிக்கு அதையே நான் பரிந்துரைப்பேன். ஏற்கெனவே எக்செலில் திறந்து சேமித்துவிட்ட கோப்பைக் கட்டம் கட்டமாகத் திருத்த உட்கார வேண்டியதில்லை. படிவத்தின் தரவுத்தளத்தில் மூல விடைகள் அப்படியே இருக்கும். புதிய கோப்பை மீண்டும் இறக்கிக்கொள்வது சில நிமிட வேலைதான்.