முத்திரை ஊருக்கு வந்தது, உங்கள் கடைக்கு வந்ததா?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், ஊட்டியில் வர்க்கி என்ற மொறுமொறு பிஸ்கட் சுடும் பேக்கரிக்காரர் ஒருவர் குன்னூரில் உள்ள என் அலுவலகத்துக்கு வந்தார். நனையாமல் இருக்க பாலித்தீனில் சுற்றி எடுத்து வந்திருந்த புது அட்டைப்பெட்டி ஒன்றை மேசைமேல் வைத்தார். அதன் மூலையில் புவிசார் குறியீட்டு முத்திரை, அதாவது ஒரு பொருள் குறிப்பிட்ட ஊருக்கே உரியது என்று காட்டும் முத்திரை, அச்சாகியிருந்தது.

“ஊட்டி வர்க்கிக்கு 2023-லேயே குறியீடு கிடைத்துவிட்டதே சார், நான் ஊட்டியில்தானே சுடுகிறேன், போட்டுக்கொள்ளலாம் அல்லவா?” என்று கேட்டார். ஐந்தாயிரம் பெட்டி அடித்தாகிவிட்டது என்பதையும் அப்போதுதான் சொன்னார். கூடாது என்று சொல்ல எனக்கே சங்கடமாக இருந்தது.

மலையில் இருபது ஆண்டுகளாக அறிவுசார் சொத்துரிமை வழக்குகளைப் பார்த்துவரும் எனக்கு, மிக அதிகமாகக் கண்ணில் படுகிற தவறான எண்ணம் இதுதான். 1999-இல் இயற்றப்பட்டு 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டத்தில் இரண்டு படிகள் உள்ளன. உற்பத்தியாளர்களின் சங்கமோ அவர்கள் சார்பான அமைப்போ சென்னையில் உள்ள பதிவகத்தில் பொருளின் பெயரைப் பதிவு செய்வது முதல் படி. அந்தப் பெயரைப் பயன்படுத்த விரும்பும் ஒவ்வொரு உற்பத்தியாளரும் தம்மை ‘அங்கீகரிக்கப்பட்ட பயனர்’ என்று தனித்தனியே பதிந்துகொள்வது இரண்டாவது படி. முதல் படி முடிந்தவுடன் பத்திரிகைகளில் செய்தி வருகிறது, ஊரே மகிழ்கிறது. இரண்டாவது படியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்தப் பதிவுக்கான விண்ணப்பக் கட்டணமோ 2020-ஆம் ஆண்டு விதித்திருத்தத்துக்குப் பிறகு வெறும் 10 ரூபாய். பஸ் கட்டணத்தைவிடக் குறைவு என்று சொன்னபோது பேக்கரிக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை.

இது வெறும் சடங்கு என்று எண்ணிவிட வேண்டாம். போலியை எதிர்த்து நீதிமன்றத்தில் பரிகாரம் கேட்கும் உரிமையைப் பெயரின் பதிவு உரிமையாளருக்கும் அங்கீகரிக்கப்பட்ட பயனருக்கும்தான் சட்டம் தருகிறது. போலிக் குறியீட்டை ஒட்டி விற்பவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. துணைக் கண்காணிப்பாளர் பதவிக்குக் குறையாத காவல் அதிகாரி, பதிவாளரின் கருத்தைப் பெற்றுக்கொண்டு, பிடியாணை இல்லாமலே சோதனையிட்டுப் பொருளைக் கைப்பற்றலாம். ஆனால் புகார் கொடுக்கப் போகிறவரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, “உங்களுக்கு இதில் என்ன உரிமை?” என்பதாகத்தான் இருக்கும். பயனர் சான்றிதழ் கையில் இல்லாதவர் அங்கேயே நின்றுவிடுகிறார்.

நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் பூத்தையலை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமான நூலைக் கொண்டு, வரைபடம் எதுவும் இல்லாமல், துணியின் இழைகளைக் கண்ணால் எண்ணி எண்ணியே தோடப் பெண்கள் போடுகிற தையல் அது. ஒரு போர்வை முடிய வாரக்கணக்கில் ஆகும். அதற்கு 2013-இல் குறியீடு கிடைத்தது. அதே சிவப்பையும் கறுப்பையும் இயந்திரத்தில் தைத்தும் துணியில் அச்சிட்டும் விற்றால், வித்தியாசம் தெரியாத சுற்றுலாப் பயணி விலை குறைந்ததைத்தான் வாங்கிப் போவார். அந்த விலைக்கு இறங்கி வர இழை எண்ணுகிறவரால் முடியாது. தாய்க்குக் கூலி கட்டுபடியாகாத தையலை மகள் எதற்காகக் கற்றுக்கொள்வாள்? கைத்திறன் இப்படித்தான் ஒரு தலைமுறைக்குள் காணாமல் போகிறது. மேலும், இந்த உரிமையை விற்கவோ, உரிமம் கொடுக்கவோ, அடமானம் வைக்கவோ சட்டம் அனுமதிப்பதில்லை. பணமுள்ள வெளியாள் ஒருவர் வந்து மொத்தமாக வாங்கிப்போக வழியில்லை என்பது இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பவரின் நிலை வேறு. கேத்தி பாலாடா பக்கம் ஒரு மெக்கானிக், கேரட் கழுவும் மெஷினில் தோல் உரியாமலும் தண்ணீர் குறைவாகச் செலவாகும்படியும் உருளையின் பிரஷ் அமைப்பை மாற்றியிருந்தார். முதல் மூன்று உருளைகளும் வீண். நான்காவதுதான் சரியாக வந்தது. அந்த மூன்றுக்கும் வட்டிக்கு வாங்கிய பணம் போயிற்று. பெருமை தாங்காமல் மெஷின் ஓடுவதை வீடியோ எடுத்து யூடியூபில் போட்டார். ஆறு மாதத்துக்குள் சமவெளியில் இரண்டு லேத் பட்டறைகள் அதையே செய்து, அவர் சொன்ன விலையில் முக்கால் பங்குக்கு விற்கத் தொடங்கின. அவர்களால் முடிந்ததற்குக் காரணம் எளியது: நான்காவது உருளையை மட்டும்தான் அவர்கள் செய்தார்கள், முதல் மூன்றின் கடன் அவர்கள் தலையில் இல்லை. புத்தாக்கத்துக்கு உரிமைப் பாதுகாப்பு ஏன் வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன். தோல்விக்குச் செலவழித்தவர் அதை மீட்டெடுக்க வழியில்லாத ஊரில், அடுத்தவர் முதல் உருளையைக்கூடச் செய்து பார்க்க மாட்டார்.

அவர் என்னிடம் வந்தபோது காலம் கடந்துவிட்டது. விண்ணப்ப நாளுக்கு முன் உலகில் எங்கும் வெளிப்படாததாக இருந்தால்தான் காப்புரிமை கிடைக்கும். தம் வீடியோவே தமக்கு எதிரான சான்றாகிவிடும் என்பதை அவர் நம்ப மறுத்தார். கண்காட்சியில் வைத்தால் 12 மாத அவகாசம் உண்டு என்று எங்கோ கேள்விப்பட்டதாகவும் சொன்னார். அந்தச் சலுகை மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிகளுக்கு மட்டுமே உரியது. கருவி முழுமை பெறாத நிலையிலேயே, அதுவரை செய்ததை விளக்கும் தற்காலிக விவரக்குறிப்போடு விண்ணப்பித்து நாளைக் குறித்துவைத்துக்கொண்டு, 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுத்திருக்கலாம். தனிநபருக்கு இணையவழியில் தாக்கல் கட்டணம் 1,600 ரூபாய்தான். காப்புரிமை கிடைத்தால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் அது அவருடையது.

தேயிலையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் குன்னூரில் என்னை மதிக்க மாட்டார்கள். நீலகிரித் தேயிலைக்கு உள்ள குறியீடு, இலையைப் பழைய முறையில் உருட்டிச் சுருட்டித் தயாரிக்கும் ஆர்த்தடாக்ஸ் வகைக்கு உரியது. சிறு விவசாயியின் பச்சைத் தேயிலை பெரும்பாலும், இயந்திரத்தில் நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி தூளாகத்தான் மாறுகிறது. ஆகவே மலையின் பெயருக்கு உலகச் சந்தையில் உள்ள மதிப்பு அவருடைய கிலோ விலையில் தெரிவதில்லை. சங்கமாகச் சேர்ந்து சிறிய அளவிலாவது ஆர்த்தடாக்ஸ் தயாரிக்க முன்வருபவர்களுக்குத்தான் அந்தப் பெயர் உதவும்.

சாக்லேட் கடை தொடங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: ‘ஊட்டி’ என்ற சொல் உங்கள் வணிகக்குறி (டிரேட்மார்க்) ஆகாது, ஊர்ப்பெயரைத் தனியொருவர் கட்டிப்போட முடியாது. வேறொரு பெயரை யோசித்துவிட்டுப் பெயர்ப்பலகைக்குப் பணம் கொடுங்கள்.

பேக்கரிக்காரரின் பெட்டிகளில் முத்திரைமேல் இப்போதைக்கு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம், விண்ணப்பம் போய்விட்டது. அவரைப் போன்ற நிலையில் உள்ளவர்கள் உற்பத்தி நடக்கும் இடம் குறியீட்டின் எல்லைக்குள் இருப்பதற்கான சான்று, தயாரிப்பு முறையை விளக்கும் குறிப்பு, பெயரின் பதிவு உரிமையாளரான சங்கத்தின் கடிதம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அச்சகத்துக்கு அதன் பிறகு போனால் போதும்.